நேர்ந்துவிட்ட வாத்து

கொடைக்கானல் மலையிலிருக்கும் எங்கள் கூக்காலுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஏரிக்கரையில் இறங்கி, "ஆகா, என்ன அமைதி!" என்று சொல்லிவிட்டு, உடனே காரில் பாட்டைப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்த ஏரி வீட்டுக் கொல்லைப்புறம். பாத்திரம் விளக்கும் கல்லில் உட்கார்ந்தால் காலடியில் தண்ணீர், தண்ணீரோரம் கோரை. வெள்ளனே எழுந்து வரக்காப்பியோடு அந்தக் கல்லில் போய் உட்கார்ந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் செல்வமுருகன் பூண்டுக் காட்டுக்குக் கிளம்பும்போது, "தேவசேனா, பாத்திரத்த விளக்குறியா, பறவைய வேடிக்க பாக்குறியா?" என்று ஒரு குத்து குத்துவார். கேட்டுவிட்டுப் போகட்டும். அந்த மனுசனைப் பார்ப்பதைவிடக் கொக்கைப் பார்ப்பது மேல். கொக்கு சாம்பாரில் உப்பில்லை என்று சொல்லாது.

கொக்கு என்றால் சும்மா இல்லை. நாள் முழுக்க நின்ற இடத்தில் நின்று, ஊர்க்கவலையெல்லாம் தன் தலையில் விழுந்ததுபோல யோசிக்கும். எங்கள் ஊர்க்கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் அப்படித்தான். முக்குளிப்பான் என்னைக் கண்டதும் முங்கி, எதிர்பார்க்காத இடத்தில் எழும்பும். வாலாட்டிக்கு வாலை ஆட்டுவதைத் தவிர வேறு சோலி கிடையாது.

இவற்றோடு மாசியில் ஒரு சோடி காட்டு வாத்து வந்து சேர்ந்தது. கறுத்த அலகு, நுனியில் மட்டும் மஞ்சள். வந்த கொஞ்ச நாளில் கோரைக்குள் கூடு கட்டி, பெட்டை அடையில் உட்கார்ந்துவிட்டது. ஆண் வெளியே மிதந்துகொண்டு காவல் காத்தது. குஞ்சு பொரித்து, அவை தாய்க்குப் பின்னால் என் கல்லுக்கு முன்னால் நீந்திப்போவதை நான் பார்க்க வேண்டும். இந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே இல்லை. தீபாவளிச் சீலைகூட வேண்டாம் என்று இருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பொன்னுவேலுக்கும் அந்த வாத்தின்மேல் ஆசை இருந்தது. அவன் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். தைப்பூசம் வந்தால் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, பழனிக்கு நடப்பான். மாலையைக் கழற்றிய மறுநாளிலிருந்து நீந்துவது, பறப்பது, ஓடுவது எதையும் விட்டுவைக்கமாட்டான். ஒருநாள் காலையில் நைலான் கண்ணியோடு வேலியைத் தாண்டி வந்து நின்றான்.

"மதினி, அந்தப் பெட்டை நல்லா கொழுத்துக் கெடக்கு. மிளக அரைச்சுப் போட்டு வறுத்தா என்ன ருசி தெரியுமா? ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் தாரேன்."

"ஐயையோ கொழுந்தனாரே, அது அடைகாக்குது!"

"அப்பத்தான் வெரசாப் பிடிக்கலாம்."

"ஃபாரஸ்ட்காரங்ககிட்டச் சொல்லிருவேன்."

"சொல்லுங்க. நம்மூருக்கு பஸ் வர்றதுக்குள்ள எலும்பக்கூடக் கழுவி வச்சிருவேன்."

வாயில் வந்ததைச் சொன்னேன். "அதத் தொட்றாதீங்க. முருகனுக்கு நேர்ந்துவிட்ட வாத்து!"

எங்கள் பக்கம் முருகனுக்குச் சேவல் நேர்ந்துவிடுவார்கள். அப்படி விட்ட சேவல் கடைக்குள் புகுந்து அரிசியைக் கொத்தினாலும் யாரும் 'ச்சூ' என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எங்கிருந்தோ பறந்து வந்த காட்டு வாத்தை யார் பிடித்து, எப்போது நேர்ந்துவிட்டார்கள்? பொன்னுவேல் அதைக் கேட்கவில்லை. கண்ணியைக் கீழே போட்டுவிட்டு, கன்னத்தில் படபடவென்று போட்டுக்கொண்டான்.

"மொதல்லயே சொல்லக்கூடாதா மதினி! பாவத்துல தள்ளப் பாத்தீங்களே!"

அன்றைக்கு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு இன்னொரு காப்பி போட்டுக் குடித்தேன்.

மறுநாள் கொல்லைக்குப் போனால், கல்லைச் சுற்றிக் கூட்டம். பொன்னுவேல் ராத்திரியே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான். மேலத்தெருக் காளியாயி பொங்கலோடு வந்திருந்தாள். "மக வயித்துல ஒரு புழு பூச்சி தங்கல தாயி. ஒன் வீட்டு வாத்துதான் கண்ணு தெறக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ பொரியை இறைத்தார்கள். யாரோ பஞ்சாமிர்தத்தை உருட்டிப் போட்டார்கள். ஆண்வாத்து அதை வாயில் போட்டுக்கொண்டு, அலகு ஒட்டிக்கொண்டதில் திணறித் தலையை உதறியது.

"சாமி தலையாட்டுது! உத்தரவு குடுத்துருச்சு!" என்று கூட்டம் கும்பிட்டது.

பொன்னுவேல் அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். அவ்வளவுதான். கொடைக்கானலில் ஜீப் ஓட்டும் அஜய் ஒரு வண்டி நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினான். "மேடம், திஸ் இஸ் சேக்ரட் டக் பாயிண்ட். ஃபுல் நேச்சர். செல்ஃபிக்கு அந்தக் கல்லுமேல ஏறுங்க, லைட் சூப்பரா இருக்கும்." கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தி என் கல்லில் ஏறி நின்று, என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃபிரேம்ல வர்றீங்க" என்றாள். என் கொல்லையில், என் கல்லிலிருந்து, என்னைத் தள்ளச் சொல்கிறாள்! கொக்கு அன்றைக்கே அக்கரைக்குப் போய்விட்டது. அதற்கு மானம் இருந்தது.

பொறுக்க முடியாமல் பொன்னுவேலிடம் உண்மையைப் போட்டு உடைத்தேன். "நேர்ந்துவிடவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீங்க கொன்னுருவீங்கன்னு பொய் சொன்னேன்."

அவன் கண்கள் கலங்கிவிட்டன. "பேரே தேவசேனா! ஒங்க வாயில அப்படிச் சொல்ல வச்சதே முருகன்தான் மதினி."

முட்டிக்கொள்ளச் சுவரைத்தான் தேட வேண்டும்.

பங்குனிக் கிருத்திகை அன்று பொன்னுவேல் குளித்து, உடம்பெல்லாம் விபூதி பூசி, பச்சை வேட்டியில் வந்தான். ஒரு கையில் மஞ்சள் கயிறு, ஒரு கையில் அரிவாள். நேர்ந்துவிட்டதற்கு அடையாளம் கட்ட வேண்டுமாம். பெட்டையின் தரிசனம் எல்லாருக்கும் கிடைக்கக் கோரையை அறுக்க வேண்டுமாம். நான் குறுக்கே போய் நின்றேன். கெஞ்சினேன், கத்தினேன். என் வீட்டுக்காரர், "ஊரோட ஒத்துப் போ புள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். பொன்னுவேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கோரையில் கால் வைத்தான். மரியாதை தெரிந்தவன்.

பாதி அறுப்பதற்குள் பெட்டை கத்திக்கொண்டு எழும்பியது. ஆணும் எழும்பியது. இரண்டும் எங்கள் தலைக்குமேல் வட்டமடித்துச் சோலைப் பக்கம் போய் மறைந்தன. கூட்டம் "அரோகரா!" என்றது. நான் உட்கார்ந்து அழுதேன். அதைப் பக்தி என்று நினைத்துக் காளியாயி என் நெற்றியில் விபூதி பூசினாள்.

கூடு வெட்டவெளியில் கிடந்தது. கோரையை அள்ளி அதன்மேல் நிழலுக்குப் போட்டுவிட்டு, பெட்டை திரும்பும் என்று அன்று பொழுது சாயும்வரை வீட்டு ஜன்னல் வழியாகவே பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். அது வரவில்லை. முட்டைகளைத் தொட்டால் ஏரித்தண்ணீர் மாதிரி சில்லிட்டிருந்தன.

பொன்னுவேல் வேலியோரம் வந்து நின்றான்.

"சாமி மலையேறிருச்சு மதினி" என்றான். பிறகு குரலைத் தணித்து, "ஒரு சந்தேகம். நேர்ந்துவிட்டது வாத்தத்தான? முட்டைய இல்லையே?" என்றான்.

கையில் கிண்ணம் வைத்திருந்தான்.

"இல்ல கொழுந்தனாரே. கொண்டாங்க" என்று கிண்ணத்தை வாங்கினேன். கூட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, என் கல்லில் தட்டி, அதில் உடைத்து ஊற்றினேன். கண் மூடிய ஒரு குஞ்சு, நனைந்த ரோமத்தோடு, கால்களை மடக்கிக்கொண்டு கிண்ணத்தில் விழுந்தது.

"இத யாருக்கும் நேர்ந்துவிடல. மிளகு போட்டுத் தின்னுங்க" என்று நீட்டினேன்.

இந்தத் தடவை அவன் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.