தூங்க விடாதீங்க

அவசரப் பிரிவு வாசலில் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்த வெல்டருக்கு முழங்கால் இரண்டும் விட்டுப்போயின. அதில் உட்கார்ந்திருந்த அவருடைய அண்ணன் அதைக் கவனித்தார். எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "நீ உக்காருடா, நான் நின்னுக்கறேன்" என்றார். ஒரு நிமிஷம்தானே என்று வெல்டர் உட்கார்ந்தார். வாழ்நாளில் யார் சொல்லையும் கேட்காத மனுஷன், அன்றைக்குப் பார்த்துக் கேட்டுத் தொலைத்தார்.

அண்ணனுக்கு மறதி நோய். காலமெல்லாம் ஜவுளிக்கடையில் துணி விரித்துப் போட்டவர். கடை மறந்துவிட்டது, முதலாளி மறந்துவிட்டார், சில நாள் தம்பியே மறந்துபோவான். மறக்காமல் மிச்சமிருப்பது மரியாதை ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் சிரித்த முகமாக, "ஆமாங்க, சரியாச் சொன்னீங்க" என்பார். அன்று மதியம் குளியலறையில் வழுக்கி, பின்மண்டை சுவரில் மோதியது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. தூக்கப் போன வெல்டரின் புருவம்தான் குழாயில் இடித்துக் கிழிந்து, அவர் சட்டையெல்லாம் ரத்தம். அண்ணன் இரண்டு தரம் வாந்தி எடுத்தார். உலகத்தில் வெல்டர் ஓரளவு நம்புகிற ஒரே ஆள் தெருமுனை மருந்துக்கடைக்காரர். அவர் வந்து பார்த்து முகம் சுண்டிப்போனார்.

"உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சாலும் கசியும். டாக்டர் பாக்கற வரைக்கும் தூங்க விடாதீங்க."

வாந்தி பட்ட சட்டையோடு தெருவில் இறங்க மாட்டேன் என்று அண்ணன் அடம்பிடித்தார். சலவைச் சட்டையை மாட்டி, தலை சீவிவிட்டு, வண்டி பிடித்து, வழியெல்லாம் தொடையில் கிள்ளிக் கிள்ளிக் கூட்டிவந்தார் வெல்டர். கிள்ளும்போதெல்லாம் அண்ணன் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது ஒரு வார்டு ஆள் வேகமாக வந்தான். வீல்சேரில் ரத்தச் சட்டையோடு ஒரு கிழவர், பக்கத்தில் பளிச்சென்று இன்னொருவர். கேட்பதற்கு என்ன இருக்கிறது? தள்ளிக்கொண்டு போய்விட்டான்; அண்ணன் பின்னாலேயே நடந்தார். ஏதோ பேருந்து கவிழ்ந்து, உள்ளே கால் வைக்க இடமில்லை. வெல்டருக்குப் பட்டறைச் சத்தத்தில் காது பாதி போனது. பேசினாலே கத்துவதுபோல் இருக்கும். எனக்கு ஒன்றுமில்லை, அவரைப் பார், அவரைப் பார் என்று வழிநெடுகக் கத்தினார். கட்டிலில் ஏற்றிய நர்ஸ் அலுத்துக்கொள்ளாமல், "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க தாத்தா, படுங்க" என்றாள்.

சின்னப் பெண்ணாக ஒரு டாக்டர் வந்து பேர் கேட்டாள். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டு போன எவனும் தனக்கு நல்லது செய்ததில்லை என்பது வெல்டரின் அனுபவம். முதலில் அவரைப் பார், அப்புறம் சொல்கிறேன் என்றார். இன்றைக்கு என்ன கிழமை என்றாள். வேலையை விட்டபின் அவருக்கு எல்லாக் கிழமையும் ஒரே கிழமைதான். அது தெரிந்து உனக்கு என்னம்மா ஆகணும் என்று பாய்ந்தார். டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக இப்படி என்று தணிந்த குரலில் விசாரித்தாள்.

"சின்ன வயசுலேருந்தே கோவக்காரன்ங்க. மனசு தங்கம். அம்மா வந்தா அடங்கிருவான்" என்றார் அண்ணன்.

அந்த அம்மா போய்ச் சேர்ந்தபோது டாக்டரின் அம்மாவே பிறந்திருக்க மாட்டாள். வீட்டுக்காரியைச் சொல்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, தலையாட்டிக்கொண்டாள். மறதி வந்தவர்கள் புது இடத்தில் முரண்டு பிடிப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று ஆறுதல் சொன்னாள்.

"ஆமாங்க, சரியாச் சொன்னீங்க."

கத்தினால் காரியம் கெடும் என்று வெல்டருக்கு அப்போதுதான் உறைத்தது. மூச்சை இழுத்துவிட்டு, குரலை அமுக்கி, விழுந்தது, வாந்தி எடுத்தது, மருந்துக்கடைக்காரர் சொன்னது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் பேனாவை நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐயா, நீங்களா விழுந்தீங்க?"

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"நானா? இல்லீங்களே. தம்பிதான் விழுந்தான். பாருங்க, எவ்வளவு ரத்தம்."

பின்மண்டை வீக்கத்தைக் காட்டிவிடலாம் என்று வெல்டர் எக்கி அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பார்த்தவர்களுக்கு அது அடிக்கப் போவதுபோல் இருந்தது. நாலு கைகள் வந்து அமுக்கின. மணிக்கட்டுகளைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். தோளில் ஊசி இறங்கியது. அடுத்த கட்டிலில் ஒருத்தி அலறவும் டாக்டர் அங்கே ஓடினாள்.

அண்ணனுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள் நர்ஸ். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார். ஒரு தரம் கொட்டாவி விட்டார். கண் இமை இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. வெல்டர் காலால் எட்டி உதைக்கப் பார்த்தார்; கால் வேறு யாருடையதோபோல் கிடந்தது. நாக்கு தடித்து வாய் நிறைந்திருந்தது.

"எழுப்பும்மா... தூங்கக் கூடாது... எழுப்பு."

"உங்களைக் கட்டி மேய்ச்சதுல அவருதான் களைச்சுப் போயிட்டாரு. கொஞ்சம் கண்ணை மூடட்டும் தாத்தா" என்று நர்ஸ் அண்ணனின் தலைக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தாள். அடிபட்ட இடம் அதில் பதிந்தது. அண்ணன் அசையவில்லை.

எதிர்க்கட்டில்காரன் அந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னா குறட்டை என்று சொல்லியிருப்பான். வெல்டரின் காதுக்கு அது எட்டவில்லை. மங்கிக்கொண்டு வந்த கண்ணுக்கு அண்ணனின் வாய் மட்டும் தெரிந்தது. உதடு உப்பியது, அடங்கியது. உப்பியது, அடங்கியது. பிறகு வெகுநேரம் சும்மா இருந்தது. நர்ஸ் திரையை இழுக்க ஆரம்பித்தாள். துணி வந்து மறைக்கும்முன் அந்த உதடு இன்னொரு தரம் உப்புகிறதா என்று இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.