டாக்கின் சொந்தக்காரர்கள்

டாக் என்ற ஆங்கிலச் சொல்லைக் கூட்டிப் போக முப்பத்தொரு வருடங்களாக ஒரு சொந்தக்காரரும் வரவில்லை. நாயைக் குறிக்கும் அந்தச் சொல், அகராதி அலுவலகத்து மாடி வராந்தாவில், பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எல்லாச் சொற்களும் அங்கேதான் காத்திருக்கும். மூதாதை யாரென்று கண்டுபிடித்து அட்டையில் எழுதினால் போதும், மதியத்துக்குள் அவரே நேரில் வந்து பிள்ளையைக் கூட்டிப் போய்விடுவார். ஜன்னலைக் குறிக்கும் விண்டோவுக்கு, வட ஐரோப்பாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து காற்றும் கண்ணும் ஜோடியாக வந்தார்கள். மேஜைத் தாள்கள் பறந்ததைத் தவிர வேறு தொந்தரவில்லை. ஜிஞ்சருக்காக லத்தீன், கிரேக்கம் என்று அலைந்தால், கடைசியில் காலில் மண்ணோடு வந்து நின்றது நம்ம இஞ்சி. "நான் இங்கேயேதானே இருந்தேன், ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?" என்று சண்டை வேறு.

அட்டை எழுதியவள் பூர்வீகப் பிரிவுக்காரி. பிரிவென்றால் அவள் ஒருத்திதான், வீட்டிலும் ஒருத்திதான். அப்பா அம்மா போன பிறகு, "ஏண்டி இவ்வளவு நேரம்?" என்று உரிமையோடு கேட்க நாதியில்லை. அது அவளுக்கு வலித்தது.

டாக்குக்காக அவள் படாத பாடு பட்டாள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்து 'டோக்கா'வைத் தேடிப் பிடித்தாள். கிழவர் வந்தார். "எங்கப்பா யாருன்னு எனக்கே தெரியாதும்மா. இதை எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?" என்று கையை விரித்துவிட்டுப் படியிறங்கினார். பிரெஞ்சிலிருந்தும் ஜெர்மனிலிருந்தும் சிலர் வந்தபோது டாக் ஆசையாய் எழுந்து நின்றது. விசாரித்தால், எல்லாரும் இதன் வழியில் பிறந்தவர்கள். சாயல் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார்கள். பக்கத்திலிருந்த, வேட்டைநாயைக் குறிக்கும் ஹவுண்டுக்கோ லத்தீன் சித்தப்பா, கிரேக்கப் பெரியப்பா என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கியது.

அகராதி அச்சுக்குப் போன அன்றே அவளுக்கும் ஓய்வு. மறுநாள் முதல் வராந்தா பூட்டு. மிஞ்சும் சொல்லை என்ன செய்வதென்று விதியில் இல்லை. டாக்கின் அட்டையில் 'பூர்வீகம் தெரியவில்லை' என்று எழுதும்போது அவள் அழுதேவிட்டாள்.

ஓய்வூதியப் படிவத்தைப் புரட்டிய குமாஸ்தா, "மேடம், நெருங்கிய உறவினர்ங்கற இடத்தைக் காலியா விடக் கூடாது" என்றார். அவள் வராந்தாவைப் பார்த்தாள். பிறகு 'டாக்' என்று எழுதினாள்.

"என்ன உறவு?"

"தெரியலைங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். "வயசு?"

"ஆயிரத்துக்குக் குறையாது."

"அப்ப மேஜர்தான். வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

டாக் எழுந்து வந்து, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் மூன்றே எழுத்தில் கையெழுத்துப் போட்டது. பிறகு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு, முன்னால் படியிறங்கியது.