பேலட்டுக்கு வைத்த குங்குமம்

இரும்புலியூரில் வேதாசலத்துக்கு இருந்த நிலமெல்லாம் மனையாகப் போனது. வந்த காசில் மரப்பட்டறை வைத்தார். அடுத்த தெரு பம்பு கம்பெனிக்குப் பேலட் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. பேலட் என்றால் பெரிய வித்தை இல்லை. மேலே பலகை, கீழே கட்டை, நடுவே சந்து. ஆனால் அந்தச் சந்தில் கை நுழைத்துத்தான் துறைமுகத்து ஃபோர்க்லிஃப்ட் வண்டி எதையும் தூக்கும். இது எவனுக்கு உறைக்கிறது? வந்தவன் போனவன் எல்லாம் பம்பைத்தான் பாராட்டினான். வேதாசலத்துக்கு வயிறு எரியும்.

ஆயுத பூஜையன்று எரிச்சல் இன்னும் கூடும். கம்பெனியில் லேத்துக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்குப் பொட்டு, விளக்குமாற்றுக்குக்கூடப் பொட்டு; பேலட்டுக்கு மட்டும் கிடையாது. கம்பெனி முதலாளி தனசிங் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையில் தலையிடமாட்டார், ஓரமாக நின்று பொரி மட்டும் வாங்கிக்கொள்வார்.

தொண்ணூற்று நாலில் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது, ஆஸ்திரேலியாவுக்கு. இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் எல்லோருக்கும் வேலை, இல்லையென்றால் இழுத்து மூட வேண்டியதுதான் என்று தனசிங் கூட்டம் போட்டுச் சொல்லிவிட்டார். மரத்தில் பூச்சி, மண், பட்டை எது இருந்தாலும் அந்த ஊரில் சரக்கை இறக்க விடமாட்டார்களாம். வேதாசலம் ஒவ்வொரு கட்டையையும் கையால் தடவிப் பார்த்துப் பட்டை சீவினார். நகக்கண் அளவு பட்டைகூட அவருக்குத் தப்பவில்லை.

பூஜைக்கு மறுநாள் கன்டெய்னர். பம்புகள் பேலட் மேல் ஏறித் தயாராக நின்றன. பூஜையன்று பார்த்து மழை கொட்டியது. தெருவில் பூசணிக்காய் உடைக்க முடியவில்லை. வேதாசலம் ஆசை தீர ஒவ்வொரு பேலட்டுக்கும் பொட்டு வைத்துவிட்டு, பேக்கிங் பார்க்கும் சிட்டிபாபுவைக் கூப்பிட்டார்.

"ஊர் கண்ணெல்லாம் இது மேலதான்டா கீது. இதுக்கு முன்னாடியே உடை."

"ஷெட்டு உள்ளயாண்ணே?" என்று கொஞ்சம் தயங்கினாலும், சிட்டிபாபு பெரியவர் பேச்சைத் தட்டவில்லை.

காய் சிதறியது. குங்குமத் தண்ணீரும் விதையும் நாலாபக்கமும் தெறித்தன. தரையைக் கழுவி விட்டார்கள். பேலட்டின் சந்துக்குள் குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, வேதாசலத்துக்கும்தான்.

கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு தனசிங் அவரைத் தனியாக அழைத்து ஒரு போட்டோவைக் காட்டினார். பலகைச் சந்தின் இருட்டில், குங்குமக் கறையின் மேல், வெளிறிப்போன இரண்டு இலைகளோடு பூசணி முளைத்திருந்தது. சரக்கு மொத்தமும் திரும்பி வருகிறது, ஆர்டரும் போயிற்று.

"மரத்துல ஒரு குறையும் இல்லன்னு எழுதியிருக்காங்க, வேதாசலம். ரொம்ப சுத்தமான மரமாம்."

இத்தனை வருஷம் ஏங்கிய பாராட்டு அது. அதற்குப் பதில் அந்த மனுஷன் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் வேதாசலம் பிழைத்திருப்பார். தனசிங்கோ வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை. சரக்கு வாங்குகிற பார்ட்டி வேண்டாம் என்றுவிட்டான், அவ்வளவுதான் என்று சொல்லிக் கதவைப் பூட்டினார். பொங்கலுக்குள் கம்பெனி போனது, அதன் பின்னாலேயே பட்டறையும் போனது. வேதாசலம் பெண்டாட்டி தையல்நாயகியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. சோறு இறங்காமல் எழுந்தால் வெயில் சூடு என்பார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதல் நாள், ராஜகீழ்ப்பாக்கம் கூட்டுரோட்டில் யாரோ "அண்ணே" என்று கூப்பிட்டார்கள். சிட்டிபாபு. சாக்கு விரித்துப் பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருப்பதில் பெரிய காயாகப் பொறுக்கி அவர் கையில் வைத்தான்.

"துட்டு வாணாம்ண்ணே. போன வருஷம் நாம அம்மாம் நல்லா உடைச்சும் எவன் கண்ணோ பட்டுட்சி. இந்த வாட்டி பெருசா உடை."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வேதாசலம் வாயைத் திறந்தார். "காய் நல்லா கீதுடா" என்றார். காயை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அதை உடைக்க அவருக்கென்று ஒரு தொழில் வாசல்கூட மிச்சமில்லை.