சாம்பல் ரொட்டியும் நிபால்டோவின் ஒயினும்

வெளியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து சாப்பிட ஒரு திராட்சைத் தோட்டத்தைத் தேர்ந்தெடுப்பதென்றால், ஒயினை மட்டும் பார்த்தால் போதாது என்பாள் சுனில்டா. முதலில் நிழலைப் பார்க்க வேண்டும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு, ஆகா என்ன நிழல் என்று மயங்கித் திரும்பிவிட்டால் அவ்வளவுதான். விருந்தாளிகள் மதியச் சாப்பாட்டை முடித்துச் சாயும் நேரத்தில் நிழல் எங்கோ கோழிக்கூண்டுப் பக்கம் போயிருக்கும். நிழல் நகரும், வயிறு நிறைந்தவர்கள் நகர மாட்டார்கள். அதனால் மதியத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்தது தரை. கையிலிருக்கும் கண்ணாடிக் குவளையைப் புல்லில் வைத்துப் பார்ப்பாள். அது சாயாமல் நின்றால் மனிதர்களும் நிம்மதியாக உட்காருவார்கள். பிறகு நாய், கழிப்பறை, கடைசியாக வீட்டுக்காரர். ஓயாமல் பேசுகிறவர் ஆகாது. வாயே திறக்காதவரும் ஆகாது. கேட்டால் சொல்லிவிட்டு, கேட்காதபோது தன் வேலையைப் பார்க்கப் போகிறவர்தான் வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தால்தான் ஒயினை வாயில் வைப்பாள்.

இத்தாத்தா பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வசந்தத்திலும் மூன்று சின்னக் குடும்பத் தோட்டங்களை அவள் தேர்ந்தெடுப்பாள். கோடை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் கான்செப்சியோன் நகரத்து ஆட்களைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு அந்த மூன்று வீடுகளுக்கும் மாற்றி மாற்றிப் போவாள். மரத்தடியில் குடித்து மகிழ்ந்தவர்கள் போகும்போது பெட்டி பெட்டியாக வாங்கிப் போவார்கள். பெரிய ஆலைகள் சிறு தோட்டத்துப் பழத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஊரில், ஒரு குடும்பம் கொடிகளை வைத்திருப்பதா பிடுங்குவதா என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் முடிவு செய்தன.

இந்த வருஷம் இரண்டு வீடுகள் முடிவாகிவிட்டன. மூன்றாவது இடத்தை நிபால்டோவுக்கென்று குளிர்காலத்திலேயே மனதுக்குள் ஒதுக்கி வைத்திருந்தாள். அவர் அவளுடைய அக்கா நோல்ஃபாவின் கணவர். நோல்ஃபா இறந்த பிறகு தனியாக அந்தக் குன்றுச்சரிவைக் கட்டிக் காப்பவர். போன வருஷம் பனி மொட்டுகளைக் கருக்கிவிட்டது. இந்த வருஷமும் விற்காவிட்டால், பைன் மரம் நடும் கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதை அவரே வாசலில் அவளை வரவேற்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னார்.

"கம்பெனிக்காரன் நேத்தும் வந்தான். எங்க கொழுந்தியா வந்து குடிச்சுப் பாக்கட்டும், அவ ஜமுக்காளத்த இங்க விரிச்சா நீ வேற குன்றப் பாத்துக்கோ, விரிக்கலேன்னா உன் மெஷினக் கொண்டான்னு சொல்லிட்டேன்."

"இப்படி என் தலைல கட்டுனா எப்படி அத்தான்?"

"உன் நாக்குலதான் கட்டிருக்கேன். உக்காரு, உக்காரு."

எதிர்க்குன்று இன்னும் கரியாகத்தான் நின்றது. பிப்ரவரிக் கோடையில், கொடிகளில் பழம் தொங்கும் சமயம், அங்கே பைன் காடு பற்றி எரிந்தபோது, தீ நிபால்டோவின் தோட்டத்து ஓரம் வரை இறங்கி வந்தது. கொடிகளுக்கு நடுவே புல் இல்லாமல் உழுது வைத்திருந்ததால் மேலே ஏற அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஊரே ஈரச் சாக்கோடு வந்து நின்றது. ஒரு கொடி கூடக் கருகவில்லை. அந்தக் கதையை அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் சொல்லத் தகுந்த கதைதான் அது.

வால்நட் மரத்து நிழல் அசையாமல் பரந்து கிடந்தது. குவளை புல்லில் நேராக நின்றது. கிழ நாய் ஒரு முறை வாலை ஆட்டிவிட்டுத் தூங்கப் போனது. சுனில்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பையிலிருந்து உப்பில்லாத பிஸ்கட்டை எடுத்து மென்று, தண்ணீரில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, நிபால்டோ நீட்டிய சிவப்பு ஒயினை உறிஞ்சினாள்.

அருமையாக இருந்தது. செர்ரிப் பழம், அதன் பின்னால் முதல் மழை பட்ட களிமண். "அத்தான்!" என்று சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிவிட்டு, வழக்கம்போலக் காத்திருந்தாள். நல்ல ஒயின் விழுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தொண்டையில் பேசும். அதைக் கேட்காமல் அவள் தீர்ப்புச் சொல்வதில்லை.

செர்ரி மெல்ல மறைந்தது. களிமண் மறைந்தது. பிறகு, கூப்பிடாமல் வந்து நிற்கும் ஆளைப் போல, அடித்தொண்டையில் அது எழுந்தது. அணைந்த அடுப்பை நாக்கால் தொட்டது போல.

"என்ன சுனி, முகத்தச் சுருக்குற? ஈ விழுந்துருச்சா?"

அவள் மறுபடி கொப்பளித்தாள். மறுபடி குடித்தாள். மறுபடி சாம்பல்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துக் கஸ்டோடியோ வேலியைத் தாண்டி வந்தான். ஒயின் திறக்கிற சத்தம் எத்தனை தூரத்திலிருந்தாலும் அவனுக்குக் கேட்கும். "எனக்கும் ஊத்துங்க. அவ கொப்பளிச்சுத் துப்பியே பாதி பீப்பாயக் காலி பண்ணிருவா" என்று உட்கார்ந்தான். நிபால்டோ அடுப்படியிலிருந்து ரொட்டியைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்து வீடுகளில் ரொட்டியை அடுப்புத் தணலின் சூடான சாம்பலுக்குள் நேராகப் புதைத்துத்தான் சுடுவார்கள். வெந்ததும் வெளியே எடுத்து, கத்தியால் மேல்சாம்பலைச் சுரண்டிவிட்டு, பன்றித் தொத்திறைச்சியும் புகையில் உலர்த்திய மிளகாய்ப் பொடியும் வைத்துச் சாப்பிடுவார்கள். கஸ்டோடியோ ஒரு கடி ரொட்டியும் ஒரு மடக்கு ஒயினுமாக இறக்கினான்.

"தேவாமிர்தம்! இதுக்கு என்னடி யோசன உனக்கு?"

சுனில்டா யோசித்தபடியே ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு குடித்தாள். சாம்பல் காணாமல் போயிருந்தது. அதாவது, ரொட்டியின் சாம்பலுக்குள் ஒயினின் சாம்பல் போய் ஒளிந்துகொண்டது. அவளுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விளங்கிய அதே நொடியில் ஒரு கெட்ட ஆசையும் வந்தது: வருகிறவர்களுக்கு இந்த ரொட்டியையே கொடுத்துவிட்டால் என்ன? ஆனால் அவர்கள் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மீன் குழம்போடு திறப்பார்கள். அதோடு இந்தச் சுவை நாளாக ஆகக் கூடும், குறையாது.

"அத்தான், இந்த வருஷம் பழத்தோல சாறுல எத்தன நாள் ஊற விட்டீங்க?"

"எங்கப்பா விட்ட மாதிரிதான். மூணு வாரம். தினமும் காலைலயும் சாயங்காலமும் தோல உள்ள முக்கி விட்டேன். ஏன்?"

"நானெல்லாம் பிழிஞ்ச அன்னைக்கே தோலத் தூக்கிப் பன்னிக்குப் போட்டுட்டேன்" என்றான் கஸ்டோடியோ. "பானை கழுவுன தண்ணி மாதிரி இருக்குன்னு இவரே கேலி பண்ணாரு."

"உண்மையத்தான் சொன்னேன். சோம்பேறிப்பய."

சுனில்டா குவளையைக் கீழே வைத்தாள். அதன் பிறகு பொறுமையாக, கையால் காட்டிக் காட்டி விளக்கினாள். எதிர்க்குன்று எரிந்த புகை வந்து படியும்போது பழம் அதைத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சி, தன் இனிப்போடு சேர்த்துப் பூட்டி வைத்துவிடுகிறது. பூட்டியிருக்கும்வரை மூக்குக்கும் தெரியாது, முதல் மடக்கிலும் தெரியாது. வாயில் எச்சில் பட்டு ஊறும்போதுதான் பூட்டு திறக்கிறது. அதனால்தான் விழுங்கிய பிறகு வருகிறது. இது முழுக்கத் தோலில் இருக்கிற விஷயம். எத்தனை நாள் தோல் ஊறுகிறதோ அத்தனைக்குப் புகை இறங்கும்.

"அப்ப நான் ஒழுங்கா வேல செஞ்சதுதான் தப்பா?" என்று கேட்டார் நிபால்டோ. குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.

"மத்த வருஷம்னா இல்ல அத்தான்."

"மே மாசத்துலருந்து குடிக்கிறேன். எனக்கு ஏன் தெரியல?"

அவள் அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார்.

"இவளுக்கு நாக்குல பூதக்கண்ணாடி வச்சிருக்கு" என்றான் கஸ்டோடியோ.

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது: நாளை மதியம்வரை நிபால்டோ ரொட்டி தொடக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, மிளகாய்ப் பொடி கூடாது. கஸ்டோடியோவின் மனைவி காஸ் அடுப்பில் உருளைக்கிழங்கு அவித்துக் கொடுப்பாள். அதன் பிறகு அவரே குடித்துப் பார்க்கட்டும்.

"நீ தோத்தா ஜமுக்காளம் இந்த மரத்தடிலதான்" என்றார் நிபால்டோ.

"தோக்கணும்னுதான் அத்தான் வேண்டிக்கறேன்" என்றாள் அவள்.

மறுநாள் மதியம் அவள் வந்தபோது அடுப்படி குளிர்ந்து கிடந்தது. அவர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் குவளை நிறைய ஒயின் இருந்தது. இவளுக்காக அவர் எழுந்திருக்கவில்லை.

"இருக்கு" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒரு தொட்டில இருந்தாலும் இன்னொன்னுல இருக்காதுன்னு எல்லாத் தொட்டியிலயும் பாத்தேன் சுனி. எல்லாத்துலயும் இருக்கு. நேத்து காலைல வரைக்கும் இது நல்ல ஒயின்."

"கொடில புகை தங்காது அத்தான். அடுத்த வருஷப் பழம் சுத்தமா வரும். அத நான் எழுதியே தரேன்."

"கொடில தங்காது." குவளையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் புல்லில் வைத்தார். அது நேராக நின்றது. "அடுத்த வருஷம் வரைக்கும் நான் எத வச்சு ஓட்டுவேன்?"

எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருப்பவள் அவள். சும்மா இருக்க முடியாமல், "ஞாயித்துக்கிழமைக்கெல்லாம் ரொட்டி நீங்க சுட்டுத் தாங்க. உங்க ரொட்டி மாதிரி யாருக்கும் வராது" என்றாள். சொன்ன பிறகுதான், அவர் ஒயினைத் தள்ளிவிட்டு அதே சாம்பல் ரொட்டியைக் கேட்கிறோம் என்று உறைத்தது. அவர் தலையாட்டினார்.

மூன்றாவது இடம் கஸ்டோடியோவுக்குப் போனது. அவனுடைய ஒயின் மெலிந்ததுதான், ஆனால் சுத்தமானது.

இந்தப் பக்கத்தில் கோடை நெருங்கும் நவம்பரில் முதல் ஞாயிற்றுக்கிழமை. கஸ்டோடியோவின் தோட்டத்தில் ஜமுக்காளங்கள் விரிந்தன. நகரத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுச் சாய்ந்தார்கள். குழந்தைகள் கிழ நாயை எழுப்பப் பார்த்துத் தோற்றார்கள்; அது நிபால்டோவின் பின்னாலேயே வந்திருந்தது. அவர் மாவுச்சாக்குத் துணியில் சுற்றி ரொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய சரிவு தெரிந்தது. கொடிகள் பச்சைத் தளிர் விட்டிருந்தன. சரிவின் அடியில் கம்பெனியின் மஞ்சள் மெஷின் நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓய்வில் இருந்தது.

வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண் ரொட்டியைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தப் புகை வாசம் இருக்கே! இதுக்காகவே இங்க குடி வந்துரலாம் போலருக்கு. ஐயா, நீங்கதான சுட்டீங்க?"

"ஆமாம்மா."

"உங்களுக்கும் தோட்டம் இருக்குன்னாங்களே, உங்க ஒயின் இல்லையா?"

"என்னோடது தீந்து போச்சும்மா" என்றார் நிபால்டோ.

"அதிர்ஷ்டக்காரர்! அதுக்குள்ள வித்துத் தீந்துருச்சா?" என்று அந்தப் பெண் வியந்தாள். கஸ்டோடியோ குப்பியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் ஊற்றப் போனான்.

சுனில்டா ஒரு ரொட்டியை எடுத்து நிபால்டோவிடம் நீட்டினாள். "காலைலருந்து நீங்க ஒண்ணும் சாப்புடல அத்தான்."

அவர் வாங்கிக்கொண்டார். கத்தியை எடுத்து மேல்சாம்பலைச் சுரண்டினார். எல்லோரும் செய்வதுதான். அதோடு நிறுத்தவில்லை. பழுப்புத் தோலையும் சுரண்டினார். கீழே புல்லில் தூள் விழுந்தது. திருப்பிப் பிடித்து மறுபக்கத்தையும் சுரண்டினார். உள்ளே வெள்ளை தெரிந்ததும் அதிலிருந்து ஒரு துளி பிட்டு நாக்கில் வைத்தார். காத்திருந்தார். அவள் சொல்லிக் கொடுத்தது போலவே காத்திருந்தார்.

பிறகு தலையைக் குனிந்து மறுபடி சுரண்டத் தொடங்கினார்.

"அத்தான்" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள் சுனில்டா. "போதும். விடுங்க."

"இன்னும் இருக்கு சுனி" என்றார்.