ஈரம் பிடிக்காத இடம்

எங்கள் ஊரில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரும்வரை அந்த வீட்டில் குடியிருப்பவராகவே கணக்கு. அதைச் சொல்லும்போது அவர் எங்கே நின்றாரோ அந்த இடம், இரண்டு பாதங்களின் அளவுக்கு, ஈரம் பிடிக்காது. வாளி வாளியாக ஊற்றினாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு போய்விடும். காலையில் வேலைக்குப் போகிறவர்களின் இடம் சாயங்காலம் அவர்கள் வந்து செருப்பைக் கழற்றியதும் நனைந்துவிடும். மற்றவர்களின் இடம் அப்படியே கிடக்கும்.

வீட்டைப் பார்வையிட ஆய்வாளர் வருகிறார் என்று வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்பியபோது எங்களுக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. போன தடவை புதுப்பித்த ஒப்பந்தப்படி இந்த வீட்டில் இரண்டு பேர்தான் இருக்கலாம். நானும் என் மனைவி செண்பகவல்லியும். ஒருவர் கூடினாலும் காலி செய்ய வேண்டியதுதான். செண்பகம் ஒட்டடை, அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை உப்புக்கறை எல்லாவற்றையும் இரண்டே நாளில் முடித்துவிட்டாள். ஆய்வாளர்கள் அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆனாலும் வருகிறவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்பது அவளுக்குத் தனிக் கவலை.

மூன்றாம் நாள் நான் மாப்பை நனைத்து வீடு முழுக்கத் துடைத்துப் பார்த்தேன். பதினோரு இடங்கள் காய்ந்திருந்தன.

இதைச் சுத்தம் செய்ய ஒரே வழி, அவரவரைத் திரும்ப அழைப்பதுதான். வந்து உள்ளே ஒரு தடவை கால் வைத்தால் போதும், இடம் நனைந்துவிடும். சிக்கல் அவர்கள் கிளம்பும்போதுதான். ‘போறேன்’ என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்வது திரும்பி வராமல் போகிறவர்களின் பேச்சு. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். அதுவோ பெரிய மரியாதைக்குறைவு.

முதலில் வேதமாணிக்கம் வாத்தியார் வந்தார். எங்கள் மகனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். விஷயத்தை முழுக்க விளக்கினேன். புரிந்தது என்று தலையை ஆட்டி, முறுக்கு தின்று, காபி குடித்து, வாசல்படி தாண்டுவதற்கு ஒரு எட்டு முன்னால் திரும்பி, ‘அப்ப போயிட்டு வாரேன்’ என்றார். மறுபடி உட்காரவைத்தோம். மறுபடி அதையே சொன்னார். நாலாவது தடவை தன் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் கோத்து, ஒருவழியாக வெளியே போனார். தெருமுனை வரை துண்டை எடுக்கவில்லை.

செண்பகத்தின் அண்ணன் சுடலைமுத்து அதற்கும் சம்மதிக்கவில்லை. தங்கை வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்ப நான் என்ன திருடனா என்று கேட்டார். வேறு வழி தெரியாமல், எங்கள் கல்யாணப் பந்தியை அவர்தான் மேற்பார்வை பார்த்தார் என்பதை எடுத்தேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை என்று முப்பத்தொரு வருஷம் கழித்து அவரிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. செண்பகம் கொஞ்ச நேரம் அழுதாள், பிறகு அந்த இடத்தைத் துடைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் பத்து இடங்கள் நனைந்துவிட்டன. பதினொன்றாவது எங்கள் மகன் கதிரேசனுடையது.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், குளிர்சாதனப் பெட்டியை ஒட்டி இருக்கிறது. இடது பாதம் கொஞ்சம் வெளியே திரும்பியிருக்கும். அவன் நிற்பதே அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போகும்போது அங்கே நின்றுதான் சொன்னான். இரண்டு வருஷம் போன் பேசினான். பிறகு நாலு வருஷமாக ஒரு தகவலும் இல்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டோம், விசாரிக்கிறோம் என்று பதில் வந்தது.

இதில் ஒரு விஷயம் உண்டு. போனவர் இறந்துவிட்டால் பதினாறாம் நாள் அவர் இடம் தானாக நனையும். செண்பகம் தினமும் காலையில் எழுந்ததும் பல்கூடத் துலக்காமல் ஒரு செம்புத் தண்ணீரை அங்கே ஊற்றிப் பார்ப்பாள். தண்ணீர் விலகிப் போகும். அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். நாலு வருஷமாக எங்களுக்கு அவனைப் பற்றி வருகிற தகவல் அது ஒன்றுதான்.

வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

“அவன் இந்த வீட்டுக்குல்லா வாரேன்னு சொல்லியிருக்கான்” என்றாள்.

ஆய்வாளர் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். பெயர் தனுஷ்கோடி. கையில் வாளி, தோளில் துணி, சட்டைப்பையில் பேனா. எங்களைச் சமையல் மேடையில் ஏறி உட்காரச் சொல்லிவிட்டு, பின்கட்டிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அறையாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். தரை பளபளத்தது. சுவர்களையும் நாங்கள் மகள் போல் வளர்த்திருந்த கறிவேப்பிலைச் செடியையும் அவர் பார்க்கவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். இன்னொரு முறை ஊற்றினார். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

“மூணு பேர் இருக்கீங்களே” என்றார்.

நான் விவரத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். ஆளை வரவழைக்க முடியாதபோது விதிகளில் ஒரு வழி இருக்கிறது என்றார். பெற்றவர்களில் ஒருவர் அந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று, அவன் வரமாட்டான் என்று மூன்று முறை சொன்னால் நனைந்துவிடும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், சொன்ன பிறகு வீடு விசாலமாகத் தெரிகிறது என்கிறார்கள் என்றார்.

செண்பகம் மேடையிலிருந்து இறங்கினாள். அவன் பாதங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஆய்வாளர் துணியைத் தயாராக வைத்துக்கொண்டார். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவரிடம், ரெண்டு பேர் இருக்கலாம் என்றால் எந்த ரெண்டு பேர் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டாள். அவர் தாளைப் புரட்டிப் பார்த்து, எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது என்றார்.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னையும் அவனையும் கணக்கில் விட்டுவிட்டு அவள் வெளியேற வேண்டும்; ஆனால் ‘போறேன்’ என்ற வார்த்தை அவளுக்கு வராது. முப்பத்தொரு வருஷத்தில், எங்களுக்குள் எத்தனையோ சண்டை வந்தும், அவள் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. உதடு இரண்டு தடவை அசைந்து நின்றுவிட்டது. காலையில் தண்ணீர் ஊற்றிப் பார்க்க அவள்தான் இங்கே இருக்க வேண்டும். நான் ஊற்றினால் கண்ணை மூடிக்கொள்வேன். அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் இறங்கி, கண்ணாடியையும் குடையையும் எடுத்துக்கொண்டேன்.

“செண்பகம், நான் போறேன்” என்றேன்.

வெளியே வந்ததும் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் நின்ற இடம் உடனே நனைந்திருக்க வேண்டும், ஆய்வாளர் பேனாவை எடுப்பது திறந்த கதவு வழியே தெரிந்தது. இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தம் மேலும் மூன்று வருஷத்துக்கு நீடிக்கும். அவர் இந்த வேலையில் பழகியவர் என்பதால், சொல்லாமல் கொள்ளாமல் வாளியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

நான் பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேருந்துகள் வந்தன, எதிலும் ஏறவில்லை. எங்கே போவது என்று யோசித்ததில் ஓர் இடமும் தோன்றவில்லை. பசியும் எடுத்தது. திரும்பி வந்து அழைப்பு மணியை அழுத்தினேன்.

செண்பகம் கதவைத் திறந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, வேறு புடவை மாற்றியிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரைப் பாக்கணும்?”

“கதிரேசனை” என்றேன்.

“வெளிய போயிருக்கான். இப்ப வந்துருவான். உள்ள வந்து உக்காருங்க.”

ஒருவரைப் பார்க்க வந்து காத்திருப்பவரை ஒப்பந்தம் கணக்கில் எடுப்பதில்லை. நான் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எந்த ஊர், பயணம் சௌகரியமாக இருந்ததா என்று விசாரித்தாள். சௌகரியம்தான் என்றேன். அவன் உங்களுக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். சின்ன வயசிலிருந்தே தெரியும் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவனுக்கு மீன் என்றால் உயிர் என்றும், முள்ளை இன்னும் தான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே போனாள். நான்கு வருஷமாக நாங்கள் அவனைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை.

இது ஐந்தாவது மாதம். சாப்பாட்டு வேளையில் என் முன்னால் இலை போட்டு, வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் பரிமாறுகிறாள்.

“கூச்சப்படாமச் சாப்பிடுங்க. வார நேரந்தான்.”

நான் கூச்சப்படாமல் இன்னொரு கரண்டி சோறு வாங்கிக்கொள்கிறேன்.