மாடியில் நடந்த குதிரை

யார்க்‌ஷயர் மலைச்சரிவிலிருந்த அந்தப் பழைய 'பப்' மதுக்கடையைக் குத்தகைக்கு எடுப்பதா, வேண்டாமா என்று லோர்னா மறுநாள் காலைக்குள் சொல்லியாக வேண்டும். ஊராரை அறிந்துகொள்வதற்காகவே அதன் மாடியறையில் ஓரிரவு தங்க வந்திருந்தாள்.

மாலையில் கீழே சென்றபோது எல்லாரும் மிகுந்த மரியாதை காட்டினர். 'மேடம்' என்றனர், எழுந்து வழிவிட்டனர். அம்மரியாதைதான் அவளுக்கு உறுத்தியது. அப்பக்கத்து மக்கள் அந்நியரிடம் மட்டுமே பணிந்து பேசுவர். தம்மவரையோ வாய்க்கு வந்தபடி கேலி செய்வர். அடுத்த பள்ளத்தாக்கிலேயே பிறந்த அவளுக்கு அது தெரியாதா? அந்நியப் பெண் நடத்தும் கடைக்கு எவர் வருவர்?

மாடிக்குத் திரும்பியவளுக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். பலகைத்தளம் முனகியது.

திடீரெனக் கீழேயிருந்து எவரோ அப்பலகையைத் தடியால் இடித்தார்.

"ஏ புள்ள! மேல குதிரையக் கட்டி வச்சிருக்கியா? என் பீர் பூரா தூசி!" என்று கத்தினார், மாலையில் மூலையிலிருந்து எழுந்து அவளை 'மேடம்' என்றழைத்த கிழவர் வில்ஃப்.

"சும்மா இரு வில்ஃப், உன்ன உதைக்கத்தான் அது பழகுது," என்றது இன்னொரு குரல். கூடமே சிரித்தது.

'மேடம்' போய் 'புள்ள' வந்திருந்தது. லோர்னா மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாயை வைத்து, "விழட்டும் பெருசு! அப்பவாச்சும் உன் பீர்ல கொஞ்சம் ருசி வரும்!" என்றாள்.

கீழே சிரிப்பில் மேசைகள் அதிர்ந்தன. அவள் குத்தகைப் பத்திரத்தை எடுத்து, காலைவரை காத்திராமல் கையெழுத்திட்டாள்.