நடுத்திட்டில் நின்றவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், ஆய்வுக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கதையில் கோபப்படாமல் இருந்திருந்தால் எனக்குச் சொரணையே இல்லை என்றுதான் அர்த்தம்.

நான் போக்குவரத்துப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். நடந்து ரோட்டைக் கடப்பவர்களின் வேகம்தான் தலைப்பு. “நடக்கிறதுக்கெல்லாமா டாக்டர் பட்டம் குடுக்கறாங்க?” என்று என் கணவரே கேட்டிருக்கிறார். நாங்கள் எடுத்துக்கொண்டது ஓர் ஆறு தட ரோடு. ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், எதிர்ப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரி, நடுவில் ஓர் ஆள் ஒட்டிக்கொண்டு நிற்கிற அகலத்துக்கு ஒரு நடுத்திட்டு. ஆஸ்பத்திரி மாடியில் கேமராவை வைத்துப் படம் பிடித்து, ஒவ்வொருவரும் கடக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறிக்க வேண்டும். ரோட்டின் அகலத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சராசரி’. டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட “சராசரியா பாத்தா...” என்றுதான் ஆரம்பிப்பார். கெட்டவர் இல்லை. விடுப்பு கேட்டால் ஏன் எதற்கு என்று நோண்ட மாட்டார், கட்டுரையில் மாணவர் பெயரைத்தான் முதலில் போடுவார். கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அந்த சிக்னலில் வண்டிகள் தேங்குகின்றன, நடப்பவர்களுக்கு விழும் பச்சையில் ஏழு நொடியைக் குறைக்கலாமா என்று மாநகராட்சி அவரிடம் ஆலோசனை கேட்டது. எங்கள் தரவுப்படி எல்லோரும் நேரம் மிச்சம் வைத்தே கடந்துவிடுகிறார்கள், தாராளமாகக் குறைக்கலாம் என்று சார் அறிக்கை எழுதினார். தயாரித்தவர்கள் என்ற இடத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டால் திங்கள் முதல் புது நேரம்.

கூட்டத்தில் போட்டுக்காட்ட ஒரு சின்ன வீடியோத் துண்டு வேண்டும் என்றார் சார். எனக்கு முன்னால் இருந்த சீனியர் தொகுத்த தரவைத்தான் நான் அதுவரை வைத்திருந்தேன். மூல வீடியோவை அன்றைக்குத்தான் முதல்முறை திறந்தேன். ஓடவிட்ட கொஞ்ச நேரத்திலேயே திரையில் என் மாமியார் வந்தார்.

அவருக்கு முழங்கால் தேய்மானம். அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வெகுநாளாகப் பிசியோதெரபிக்குப் போய்வருகிறார். கைத்தடி பிடித்தால் கிழவி என்று சொல்வார்களாம், அதனால் வெயிலோ மழையோ குடையை ஊன்றிக்கொண்டுதான் நடப்பார். பச்சை விழுந்ததும் எல்லோரோடும்தான் இறங்கினார். நடுத்திட்டை அடையும்போதே சிவப்பு விழுந்துவிட்டது. அங்கிருந்த விளக்குக் கம்பத்தை ஒரு கையால் கட்டிக்கொண்டு நின்றார். முன்னாலும் பின்னாலும் பஸ்கள் உரசிக்கொண்டு போயின, ஒவ்வொன்றுக்கும் உடம்பைச் சுருக்கிக்கொண்டார். அடுத்த பச்சையில்தான் மீதி ரோட்டைக் கடந்தார்.

அவர் மட்டும் இல்லை. காலில் மாவுக்கட்டோடு ஒருவர், வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரு கர்ப்பிணி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் என்று ஒவ்வொரு சிவப்புக்கும் யாராவது அந்தத் திட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். தரவில் இவர்களைத் தேடினேன். ஒருவரும் இல்லை.

சீனியருக்கு போன் போட்டேன். அது ஆய்வுக்கூடத்துப் பழக்கம்தானே, உனக்குத் தெரியாதா என்றார். நடுவில் நின்றவர்களின் நேரத்தில் காத்திருந்த நேரமும் சேர்ந்துவிடும், வேகம் தப்பாக வரும், அதனால் ஒரே மூச்சில் கடக்காதவர்களை முதலிலேயே எடுத்துவிடுவோம் என்றார். அவருக்கு முந்தியவர்களும் அப்படித்தான் செய்தார்களாம். வேகத்தை மட்டும் கணக்கிட அது சரிதான். ஆனால் கடக்க முடியாதவர்களை எல்லாம் எடுத்துவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்து எல்லோராலும் கடக்க முடிகிறது என்று எழுதினால் அதற்கு என்ன பெயர்? ஃபெயிலானவர்களின் பெயரை அடித்துவிட்டு நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பலகை வைக்கும் பள்ளிக்கூடம் மாதிரிதான். அதுவும் ஆஸ்பத்திரி வாசலில்.

நேராக சாரிடம் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

“அவங்களையும் சேத்தா சராசரி கெட்டுடும்மா.”

அதில் என் மாமியாரும் இருக்கிறார் என்று சொன்னேன். அவருக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஐயையோ. அத்தைய இனிமே ஆட்டோல அனுப்பிடும்மா.”

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. மாவுக்கட்டுக்காரரை யார் ஆட்டோவில் அனுப்புவது என்று கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் குறைபாடுகள் என்று தலைப்புப் போட்டு இதை இரண்டு வரி எழுதிவிடு, கூட்டத்தில் கிளறாதே, பட்டம் கைக்கு வரும் நேரத்தில் வம்பு எதற்கு என்றார். கடைசி அத்தியாயத்தை எந்த பஸ் டிரைவர் படிக்கப்போகிறார்?

வெள்ளிக்கிழமை சார் அழகாகப் பேசினார். படங்கள், வளைகோடுகள், எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தன. மாநகராட்சியின் தலைமைப் பொறியாளர் ஓர் அம்மா, அதிகம் பேசாதவர். எல்லாம் முடிந்தபிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“பாதியில மாட்டிக்கிட்டவங்க யாராவது உண்டா?”

“எங்க தரவுல அப்படி யாரும் இல்ல மேடம்” என்றார் சார்.

பாருங்கள், அது பொய்யும் இல்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

“இருந்தாங்க மேடம். நாங்கதான் எடுத்துட்டோம்.”

உட்காரும்மா என்று சார் மெதுவாகச் சொன்னார். நான் உட்காரவில்லை. வீடியோவைப் போட்டேன். அந்தப் பெரிய திரையில் என் மாமியார் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். பொறியாளர் அம்மா அறிக்கையை மூடி சார் பக்கம் தள்ளினார். விட்டவர்களை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டுக் கொண்டுவாருங்கள், அதுவரை இப்போதிருக்கும் நேரமே இருக்கட்டும் என்றார்.

வெளியே வராந்தாவில் சாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமைக்குள் வேறு வழிகாட்டியைப் பார்த்துக்கொள் என்றார். இத்தனை வருட உழைப்பு என்ன ஆகும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லார் மேலும் இருந்த கோபத்தில் மிச்சமிருந்ததை அவர் மேல் கொட்டினேன். போகும்போதும் வரும்போதும் நடு ரோட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், வீட்டில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா, ஒரு பஸ் லேசாகச் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் வெந்நீர்ப் பையை அடுத்த முழங்காலுக்கு மாற்றினார்.

“வருஷக்கணக்கா அந்த ரோட்டத்தானேம்மா படிக்கிற. உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் உன்னால ஒண்ணும் பண்ண முடியல போல, நாம வேற சொல்லி உன்னை எதுக்கு சங்கடப்படுத்தணும்னு விட்டுட்டேன்.”